ஏழு பேர் நடந்த நடையில் உடைந்த என் கால்

மதிப்புக்குரிய நிர்வாக அதிகாரி அவர்களுக்கும், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் தாய்மாமாவுக்கும்,

என் வலது பாதத்தின் இரண்டாவது நீள எலும்பை உடைத்தது நீங்கள்தான்.

வணக்கம். நான் இங்கு நலமாக இல்லை. நீங்கள் அங்கு நலமாக இருப்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் உங்கள் நலத்துக்காக ஆறு வாரம் நடந்தவள் நான். அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் அக்கா, அதாவது என் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "மரியாதையா எழுது, வேலை வாங்கிக் குடுத்தவன்" என்று இதுவரை நான்கு தடவை சொல்லிவிட்டாள். அதனால் முதல் வரியை அவள் பார்ப்பதற்குள் கையால் மறைத்துக்கொண்டேன். மரியாதையாகவே எழுதுகிறேன். நீங்களும் என் எலும்பை மரியாதையாகத்தான் உடைத்தீர்கள், 'பாப்பா' என்று கூப்பிட்டு.

என் வேலை என்ன என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். வேலை வாங்கிக் கொடுத்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். நம் மருத்துவமனைக்கு ஆறு மாடி. ஒவ்வொரு மாடியிலும் வார்டுகளில் எடுக்கிற ரத்தக் குப்பிகளை டிரேயில் வாங்கி, அடித்தளத்தில் இருக்கும் லேபுக்குக் கொண்டுபோவதும், அங்கே தயாராகிற முடிவுத் தாள்களை மறுபடி மாடிகளுக்குக் கொண்டுவருவதும் என் வேலை. உண்மையில் இதற்கு ஆளே தேவையில்லை. சுவருக்குள் காற்றுக் குழாய் ஒன்று ஓடுகிறது. குப்பியை ஒரு டப்பாவில் வைத்து உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினால் லேபில் போய் விழ வேண்டும். அதன் திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் கையில் ரத்தக் குப்பியைக் கொடுத்தால் போட்டோவில் நன்றாக இருக்காது என்று நீங்கள் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தீர்கள். அவர் அதை உள்ளே திணித்தார், எல்லோரும் கை தட்டினார்கள், பூங்கொத்து மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அது அங்கேயே இருக்கிறது. அந்த இரண்டு வருடமாக அந்தக் குழாயின் வேலையை நான் பார்க்கிறேன். லிஃப்ட் நோயாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் என்பதால் படியில்தான் ஏறி இறங்குகிறேன். ஷூ சத்தம் நோயாளிகளை எழுப்புகிறது என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கையின்படி அட்டை மாதிரி மெல்லிய அடிப்பாகம் உள்ள கறுப்பு ஷூதான் போட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு ஒரு கடலை மேல் மிதித்தால் அது முழுக் கடலையா உடைத்த கடலையா என்று சொல்லிவிடலாம். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஒரு வலியும் இல்லாமல் ஓடிய கால் இது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

பிறகுதான் உங்கள் 'நலநடைத் திட்டம்' வந்தது. அதிகாரிகளும் டாக்டர்களும் நாற்காலியிலேயே உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே ஆளுக்கொரு அடி எண்ணும் கடிகாரம், ஆறு வாரப் போட்டி, அதிகம் நடப்பவருக்கு 'நடைச் செம்மல்' பட்டம் என்று அறிவித்தீர்கள். நானும் போய்க் கேட்டேன். ஒப்பந்த ஊழியர்களுக்குத் திட்டம் பொருந்தாது என்று உங்கள் அறை வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கட்டடத்திலேயே நடப்பதற்காகச் சம்பளம் வாங்கும் ஒரே ஆளுக்குக் கடிகாரம் இல்லை. சரி, போகட்டும் என்று டிரேயை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டாவது நாள் நீங்களே என்னைப் படிக்கட்டில் நிறுத்தினீர்கள். "பாப்பா, எனக்கு நாள் முழுக்க மீட்டிங். இதைக் கொஞ்சம் கட்டிக்க, சாயங்காலம் வாங்கிக்கிறேன்" என்றீர்கள். மாமா கேட்டு மறுக்க முடியுமா. கட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் கடிகாரத்தில் பதினெட்டாயிரம் அடி. நீங்கள் அதைப் பார்த்து, உண்மையிலேயே நீங்கள் நடந்ததுபோல நெற்றியைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் பார்த்தேன்.

ஒருவர் செய்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் கணக்குப் பிரிவு மேலாளர் வந்தார். அதற்கு மறுநாள், எல்லா வார்டிலும் 'நடங்கள்' என்று படம் ஒட்டியிருக்கும் உணவு ஆலோசகர் அம்மா வந்தார். வாரக் கடைசிக்குள் என்னிடம் ஏழு கடிகாரம். இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று. ஏழாவது நம் எலும்பு டாக்டருடையது. கையில் இடமில்லை என்றதும் அவரே குனிந்து என் வலது கணுக்காலில் கட்டிவிட்டார். பெரிய டாக்டர் தரையில் குனிகிறாரே என்று எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. வார்டில் ஒரு தாத்தா என்னைக் கடிகாரம் விற்க வந்தவள் என்று நினைத்துத் தன்னுடையதற்கு பேட்டரி மாற்றித் தரச் சொன்னார். இந்த நிலைமையிலும் கால் நன்றாகத்தான் இருந்தது மாமா. ஏழு கடிகாரம் கட்டினாலும் நடை ஒன்றுதானே.

அதில்தான் சிக்கல் வந்தது. நடை ஒன்று என்பதால் ஏழு பேருக்கும் ஒரே எண்ணிக்கை. இரண்டு வாரமாக அறிவிப்புப் பலகையில் ஏழு பேரும் முதலிடம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, பொறாமை மட்டும் வந்தது. ஆகவே ஒவ்வொருவரும் தனியாக என்னிடம் வந்து, மற்ற ஆறையும் கழற்றி வைத்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் கட்டிக்கொண்டு தினமும் ஒரு சின்ன ரவுண்டு போய்வரச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் தெரியக் கூடாதாம். உணவு ஆலோசகர் அம்மாவுக்கு மேலே இரண்டு மாடி. கணக்கு மேலாளருக்கு வாகனம் நிறுத்துமிடத்தைச் சுற்றி மூன்று தடவை. உங்களுக்குச் சொந்தக்காரர் என்ற சலுகையில் கீழிருந்து மேல்வரை ஆறு மாடியும் இரண்டு தடவை, கையில் குப்பி கூட இல்லாமல், வெறுமனே. வழியில் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரமாக இருந்த அடி ஒரே வாரத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. இந்த 'ஒரே வாரத்தில்' என்பதைக் கோடு போட்டுப் படியுங்கள். பின்னால் வருகிறது.

நான்காவது வாரம் பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது விரலுக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு வலி வந்தது. வேலை முடிகிற நேரத்தில் வரும், வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் போய்விடும், காலையில் ஒன்றுமே இருக்காது. களைப்பு என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அது மதியமே வரத் தொடங்கியது. அதற்கடுத்த வாரம் என்னோடு சேர்ந்து காலையில் வேலைக்கு வந்தது. பாதத்தின் மேலே லேசான வீக்கம், ஷூ போடும்போது வார் அங்கே பட்டால் உயிர் போகும். இடையில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டரிடம் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், டிரேயைப் பார்த்தார், காலை மட்டும் பார்க்கவில்லை. சுளுக்கு என்று சொல்லி ஒரு கட்டும் வலி மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை போட்டதும் வலி நின்றுவிட்டது. வலி நின்றதால் நான் இன்னும் நன்றாக நடந்தேன். அந்த வாரம் நீங்கள் ஏழு பேரும் உங்கள் சாதனையையே முறியடித்தீர்கள்.

ஐந்தாவது வாரம் எலும்பு டாக்டரிடமே போனேன். நாற்பது பேர் வரிசையில் உட்கார்ந்து என் முறை வந்ததும் வலது காலை நீட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. வீக்கத்தைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கணுக்காலில் இருந்த தன் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தி, "பதினாலாயிரம்தானா? மணி மூணாச்சேம்மா" என்றார். ஐயா, அதுக்கு ஒரு சாண் கீழே வலிக்குது என்றேன். எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "ஒண்ணுமே இல்லை. நல்லா நட, தானா சரியாயிடும்" என்றார். என் காலுக்காகச் சொன்னாரா, தன் கடிகாரத்துக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டு வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதிப் பழி உங்கள் அக்காவைச் சேரும். தினமும் சாயங்காலம் என் பாதத்தை மடியில் வைத்துச் சுடுதண்ணீர் ஊற்றி, எண்ணெய் போட்டு, கட்டை விரலால் அழுத்தி, 'கட்டி நின்ற ரத்தத்தைக் கலைக்கிறேன்' என்று தேய்த்தாள். அவள் கலைத்தது ஒட்டிக்கொண்டிருந்த எலும்பை என்று பின்னால்தான் தெரிந்தது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார் நான் கத்திய சத்தம் கேட்டு வந்தார். நரம்பு இறுகிவிட்டது, ஒற்றைக் காலில் நூறு தடவை குதித்தால் விட்டுவிடும் என்றார். எனக்கும் கிறுக்குப் பிடித்திருந்தது, குதித்தேன். ஆறாவது குதியில் நான் போட்ட சத்தத்தில் வாத்தியார் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா என்னைத் தூக்கி உட்கார வைத்து, மிச்சம் தொண்ணூற்று நான்கை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னாள்.

பரிசளிப்பு விழாவுக்கு வருகிறேன். அரங்கத்தின் பின்னால் தண்ணீர்க் குவளை டிரேயோடு நான் நின்றேன். மேடையில் நீங்கள் 'நடைச் செம்மல்' பட்டம் வாங்கினீர்கள். விடாமுயற்சிதான் காரணம், முதல் அடி எடுத்து வைப்பதுதான் கஷ்டம் என்று மைக்கில் சொன்னீர்கள். எனக்கு அன்று எல்லா அடியும் கஷ்டமாக இருந்தது. வலது காலைத் தரையில் ஊன்றவே முடியாமல் இடது காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கும் அக்கா என் பக்கத்தில் வந்து டிரேயை வாங்கிக் கீழே வைத்தாள். டாக்டர் இல்லை, படம் எடுப்பவள் மட்டும். இருபது வருடமாக அடுத்தவர் எலும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள்.

"எங்க வலிக்குது, காட்டு" என்றாள்.

காட்டினேன்.

"உள்ளங்கையால தடவிக் காட்டினா சுளுக்கு, கிளுக்குன்னு விட்டுடுவேன். நீ ஒத்தை விரலை வச்சு இந்த இடம்னு குத்திக் காட்டுறே. என் கூட வா."

சக்கர நாற்காலி தள்ளும் அண்ணனைக் கூப்பிட்டு என்னை ஏற்றி லிஃப்டில் கொண்டுபோனாள். இரண்டு வருடத்தில் நான் லிஃப்டில் ஏறியது அதுதான் முதல் தடவை. நன்றாக இருக்கிறது மாமா, கண்ணாடியெல்லாம் வைத்திருக்கிறீர்கள். மறுபடியும் படம் எடுத்தாள். போன தடவை ஒன்றுமில்லாமல் இருந்த எலும்பின் மேல் இப்போது வெள்ளையாக ஒரு சின்ன மேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் எலும்பு தன்னைத் தானே பூசி ஒட்டிக்கொள்ளப் பார்க்கிற இடம் என்றாள். மயிரிழை மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவே தெரியாதாம், ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் காட்டிக்கொடுக்குமாம். படத்தில் ஒன்றுமில்லை என்றால் காலில் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லையாம். இதற்கு அழுத்த முறிவு என்று பெயராம். நான் எங்கேயும் விழவில்லையே, எதுவும் மேலே விழவில்லையே அக்கா என்றேன். அவள் மேஜையிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து நிமிர்த்தி, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு தடவை வளைச்சா ஒண்ணும் ஆகாது. ராத்திரி ஓய்வு குடுத்தா எலும்பு தன்னைச் சரி பண்ணிக்கும். திடீர்னு ஒரு வாரத்துல இரட்டிப்பாக்கி, சரி பண்ண நேரமும் குடுக்காம இருந்தா?" என்றாள். கிளிப் உடைந்தது. அவள் கண் என் கைகளுக்குப் போனது. "இது என்னடி, வளையல் கடை மாதிரி?"

சொன்னேன். சக்கர நாற்காலி அண்ணன் சிரித்துச் சிரித்து நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. ஏழையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

எலும்பு டாக்டரும் இந்தப் படத்தைப் பார்த்தபின் ஒத்துக்கொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். முழங்கால்வரை வரும் கெட்டியான பூட் மாட்டிவிட்டார். கோல் ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டும். ஆறு வாரம், தேவைப்பட்டால் எட்டு, வேலை கிடையாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கவே கூடாது, வலி நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது, குதிக்கக் கூடாது. இதை அம்மாவையும் வாத்தியாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பிறகு வலி முழுக்கப் போன பின் கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூவோடு கொஞ்சம் கொஞ்சமாக நடை, ஒரே நாளில் பழையபடி பாய்ந்தால் மறுபடி அதே இடத்தில் உடையும். கவனிக்காமல் விட்டிருந்தால் மயிரிழை முழு முறிவாகி அறுவை மேஜைக்குப் போயிருக்கலாம். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு டாக்டர் கடைசியில், "யாரும்மா உன்னை இவ்வளவு நடக்கச் சொன்னது?" என்று கேட்டார். உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார் மாமா. நான் அவர் வெறும் மணிக்கட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இனிதான் உங்களுக்கு வேலை. பணியிட விபத்து என்று பதிவானால்தான் ஒப்பந்த ஊழியருக்கு ஓய்வுக் காலத்தில் வேலை நிலைக்கும். பதிவாகாவிட்டால் பத்து நாள் வராதவள் பெயர் பட்டியலிலிருந்து தானாகவே போய்விடும். இன்று ஏழாவது நாள். விபத்துப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். விபத்து நடந்த தேதி, மணி, நிமிடம். விழுந்தாரா, மோதினாரா, மேலே ஏதாவது விழுந்ததா. விழுந்த பொருளின் பெயரும் எடையும். நான் மணி நிமிடத்துக்கு எங்கே போவேன்? தேதிக்கு எதிரில் 'ஆறு வாரம்' என்றும், என்ன நடந்தது என்பதற்கு எதிரில் 'நடந்தேன்' என்றும் எழுதிக் கொடுத்தேன். படிவம் அன்றே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'நடப்பது விபத்தல்ல' என்று எழுதி உங்கள் சுருக்கொப்பம் இருந்தது.

அம்மா உடனே படியில் விழுந்ததாக மாற்றி எழுதச் சொன்னாள். எந்தப் படி என்றுகூட இருவரும் பேசினோம், இரண்டாவது மாடித் திருப்பம் பொருத்தமாகப் பட்டது. சக்கர நாற்காலி அண்ணன் போனில் கூப்பிட்டு, தான் வேண்டுமானால் வண்டியை என் மேல் மெதுவாக மோதித் தருவதாகவும், எடை கேட்டால் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்துச் சொல்லலாம் என்றும் முன்வந்தார். நல்ல மனசு. நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன். அம்மாவுக்கு என் மேல் கோபம். ஒரு பொய் எழுத என்ன கேடு, ஏழு பேருக்காக நடந்தாயே அது மட்டும் என்ன உண்மையா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் நான் விழவில்லை மாமா. படியைக் குற்றம் சொன்னால் அடுத்த வாரம் நீங்கள் படிக்குக் கைப்பிடி போட்டு அதற்கும் ஒரு திறப்பு விழா வைப்பீர்கள். என் இடத்துக்கு வேறொருத்தி வருவாள், அவள் கையில் ஏழு கடிகாரம் ஏறும். காற்றுக் குழாய் நின்றால் பழுது என்று பதிவேட்டில் எழுதுகிறீர்கள், எந்தக் கம்பெனி வர வேண்டும் என்று கடிதம் போகிறது. குழாய்க்குப் பதிலாக ஓடியவள் நின்றால் 'வரவில்லை' என்று எழுதுகிறீர்கள்.

இவ்வளவு அடி நடந்ததற்கு உங்கள் அலுவலகத்தில் ஆதாரம் கேட்டார்கள். திட்டத்தின் பதிவை எடுத்துப் பார்த்தேன். அதில் நீங்கள் நடந்திருக்கிறீர்கள், எலும்பு டாக்டர் நடந்திருக்கிறார், உணவு ஆலோசகர் அம்மா நடந்திருக்கிறார். என் பெயரே இல்லை. பதிவின்படி இந்த ஆறு வாரமும் நான் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை, அசையாமல் இருந்து எலும்பை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 'என் கடிகாரம் இந்தப் பெண்ணின் கையில் இருந்தது' என்று ஒரே ஒரு வரி, கீழே உங்கள் கையெழுத்து. மற்ற ஆறு பேரையும் நான் இழுக்க மாட்டேன். பட்டத்தைக்கூட நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வரவேற்பறையில் மாட்டியிருப்பதாக அத்தை சொன்னார்கள். பத்தாவது நாளான வெள்ளிக்கிழமை மாலைக்குள் அது வராவிட்டால் எனக்கு வேலை இல்லை, உங்கள் அக்கா வீட்டில் சம்பாதிக்கிற ஆளும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கோபத்தில் சொல்வதில்லை. உங்கள் சர்க்கரை டாக்டர் கடிகாரப் பதிவைப் பார்த்து, இவ்வளவு நடக்கிறவருக்கு இத்தனை மாத்திரை எதற்கு என்று பாதியாகக் குறைத்துவிட்டாராமே. அத்தையும் பெருமைப்பட்டு தினமும் ஒரு இனிப்பு தருகிறார்களாமே. மாமா, தினமும் உங்கள் கடிகாரத்தில் ஏறிய அந்த இருபத்திரண்டாயிரம் அடியும் என் ரத்தத்தில்தான் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது, உங்கள் ரத்தத்தில் இல்லை. மாத்திரையைக் குறைக்காதீர்கள். இனிப்பை விடுங்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் என் படிவத்தின் நகலைக் காட்டுங்கள், ஒரே கையெழுத்தில் இரண்டு வேலையும் முடியும்.

அத்தைக்கு என் வணக்கம். அம்மா தன் தம்பியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள், நானும் சொல்கிறேன். உங்கள் கால்களுக்கு ஒரு குறையும் வராமல் நீங்கள் நெடுநாள் உட்கார்ந்திருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்,
ரத்த மாதிரி எடுத்துச் செல்பவள் (ஒப்பந்தம்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சக்கர நாற்காலி அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் காலைப் பார்த்தபின் எலும்பு டாக்டருக்கு மனசாட்சி உறுத்தி, ஊழியர் நலனுக்காக நடைப் பதிவு முழுவதையும் ஆராய்ந்திருக்கிறார். திடீரென்று ஒரே வாரத்தில் நடையைக் கூட்டி, தினமும் இருபதாயிரம் அடியைத் தாண்டியவர்களுக்கெல்லாம் அழுத்த முறிவு ஆபத்து இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். பட்டியலில் சரியாக ஏழு பேர். வருமுன் காக்க ஏழு பேருக்கும் முழங்கால்வரை பூட், முழுச் சம்பளத்தோடு ஆறு வாரம் ஓய்வு. ஏழாவது பெயர் அவருடையது, அதையும் அவரே சிபாரிசு செய்திருக்கிறார். முதல் பெயர் உங்களுடையது. நேற்றே உங்களை வண்டியில் வைத்து லிஃப்டில் இறக்கியது இந்த அண்ணன்தானாம், கனம் அதிகம் என்று குறைப்பட்டார். ஆகவே மேலே நான் எழுதியிருப்பதெல்லாம் காலியான ஒரு நாற்காலிக்கு எழுதியதாக ஆகிவிட்டது. உங்கள் இடத்தில் வேறு யாரையும் போடவில்லை, ஆறு வாரத்துக்கு எந்தப் படிவத்திலும் யாரும் கையெழுத்துப் போட முடியாது என்கிறார்கள்.

வீட்டுக்குப் போன் செய்தேன். அத்தைதான் எடுத்தார்கள். "அவருக்குக் கால்ல முறிவு வரப்போகுதாம்மா, அசையவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார்கள். "கால்தானே அத்தை அசைக்கக் கூடாது, கை நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். அத்தை போனைப் பொத்திக்கொண்டு உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்கள் அங்கே இருப்பது எனக்குத் தெரிந்தது, டீவி சத்தம் குறைந்தது. பிறகு போன் வைக்கப்பட்டது.

நான் கேட்ட அந்த ஒரு வரியை நானே படிவத்தில் எழுதி, இதே உறையில் வைத்து அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன், பேனாவும் உள்ளே இருக்கிறது. நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம். அண்ணன் உங்கள் வாசலில் நிற்பார். போட்டுக் கொடுங்கள் மாமா.